அம்பது ஆம்பியரும் அப்பாவோட ஜீப்பும்!

ரோட்டுல ஒரு 'தார்' உறுமிட்டுப் போனா, பைக்கை ஸ்லோ பண்ணித் திரும்பிப் பார்க்கிற ஆளா நீங்க? கையைக் குடுங்க பாஸ், நம்ம கட்சி! 2010-ல தார் முதன்முதலா வந்தப்போ, பேப்பர்ல போட்டோவைப் பார்த்துட்டு எங்க அப்பா அடிச்ச கமென்ட் இதுதான்: ''நம்ம கொட்டாயில நிக்கிறதுக்குப் புதுச் சட்டை போட்டு விட்டிருக்கானுங்க!''

எங்க கொட்டாயில நிக்கிறது மஹிந்திரா எம்.எம். 540. ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையில இருந்து செஞ்சி போற பஸ்ல ஏறினா அரை மணி நேரம் சொச்சம். எங்க மொட்டை மாடியில நின்னா அண்ணாமலையார் மலை அப்படியே தெரியும். அந்த மாடிக்குக் கீழேதான் ஜீப்.

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். ஜீப்ங்கிறது இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவுல பிறந்த வண்டி. வில்லிஸ், ஃபோர்டுன்னு ரெண்டு கம்பெனியும் சேர்ந்து லட்சக்கணக்குல செஞ்சு தள்ளினாங்க. போர் முடிஞ்சதும், 1940-களின் கடைசியில, மஹிந்திரா அதை பம்பாயில பூட்ட ஆரம்பிச்சது. அப்புறம் கலெக்டர், போலீஸ், ஃபாரெஸ்ட் ஆபீஸர், ஓட்டு கேக்குற வேட்பாளர்னு இந்தியாவையே அந்த வண்டிதான் சுமந்தது. 80-கள்ல வந்த 540-க்கு பியூஜோ டிசைன்ல 2112 சி.சி. டீசல் இன்ஜின். வேகம் எல்லாம் பெருசா கிடையாது. ஆனா, சேத்து வயல்ல இன்னொரு கியரைத் தட்டினா நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பாருங்க... அடடா!

எங்க தாத்தா அதை ஒரு கான்ட்ராக்டர்கிட்ட செகண்ட்ஹேண்டுல வாங்கினார். மல்லாட்டை மூட்டையைக் கமிட்டிக்கு ஏத்திட்டுப் போனது, அத்தையைக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனது, எங்க அக்கா பொறந்தப்போ ராத்திரியில அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, எல்லாம் அந்த ஜீப்தான். தாத்தா போன பிறகு அதைத் தொட ஆள் இல்லை. டிரைவர் சீட்டுல கோழி முட்டை போட ஆரம்பிச்சது.

2023-ல நான் மெக்கானிக்கல் கடைசி வருஷம். ஒருநாள் காயலான் கடைக்காரர் வந்து, வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்து, கண்ணாலேயே எடை போட்டு ஒரு விலை சொன்னார். அப்பா யோசிச்சார். நான் பாய்ஞ்சு போய், ''குடுக்காதீங்கப்பா, நானே ரெடி பண்றேன்''னு சொல்லிட்டேன். அப்பா என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். ''மெக்கானிக்கல்தானே படிக்கிறே, பண்ணு.'' அவ்வளவுதான். அதுல கிண்டல் இருந்துச்சா, நம்பிக்கை இருந்துச்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

இன்ஜின் பெரிய தலைவலி இல்லை. திருவண்ணாமலையில ஒரு டீசல் மெக்கானிக் ரெண்டு வாரத்துல கிளப்பிக் குடுத்துட்டார். பிரச்னை உடம்புலதான். தரையில ஸ்க்ரூடிரைவரை வச்சு அழுத்தினா, அப்பளத்துல குத்தின மாதிரி அந்தப் பக்கம் போகுது. பெயின்டைச் சுரண்டினா பட்டி. பட்டியைச் சுரண்டினா இன்னொரு பட்டி. அதுக்கும் கீழே, எந்தக் காலத்து டிங்கர் வேலையோ, எண்ணெய் டின்னை வெட்டி ஒட்டியிருந்தாங்க. டின்ல அச்சடிச்ச எழுத்துகூட அப்படியே இருந்துச்சு! தாத்தா இத்தனை வருஷம் எண்ணெய் டின் மேல கால் வச்சு வண்டி ஓட்டியிருக்கார்.

துருப்பிடிச்சதை நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, புதுத் தகடு வச்சு வெல்டிங் பண்ணணும். வழி அது ஒண்ணுதான். சரி, வெல்டிங்தானே... படிச்சிருக்கோம்ல!

படிச்ச லட்சணத்தையும் சொல்லிடறேன். ஃபர்ஸ்ட் இயர் வொர்க்ஷாப்ல முப்பது பேர் சுத்தி நிப்போம். லேப் அண்ணா ரெண்டு பட்டையை எடுத்து 'பட் ஜாயின்ட்', 'லேப் ஜாயின்ட்'னு போட்டுக் காட்டுவார். நாங்க ரெக்கார்டு நோட்ல ஸ்கேல் வச்சு அழகா படம் வரைவோம். எனக்குப் படத்துக்குப் பத்துக்குப் பத்து. ராடை நான் கையால தொட்டதே இல்லை. உங்க காலேஜ்ல எப்படி?

ஊர்ல கிரில் கேட் பட்டறை வச்சிருக்கிற அண்ணன்கிட்ட போய் நின்னேன். விஷயத்தைச் சொன்னதும் சிரிச்சார். ''இன்னா தம்பி, இன்ஜினீயர் வந்து ஐ.டி.ஐ-கிட்ட கத்துக்கிறியா?'' அவர் எட்டாவது முடிச்சுட்டு ஐ.டி.ஐ-யில ஒரு வருஷ வெல்டர் டிரேடு படிச்சவர். அப்புறம் ராணிப்பேட்டை பக்கம் பாய்லர் கான்ட்ராக்ட்ல பல வருஷம் வேலை. காசு வேணாம்னுட்டார். ''ஞாயித்துக்கிழமையில வந்து கேட்டுக்கு ரெட் ஆக்ஸைடு அடிச்சுக் குடு, போதும்.'' டீல் ஓகே!

முதல் நாள் கையில ஒரு பழைய பட்டையைக் குடுத்தார். ''இதுல நூறு கோடு போடு. ஜீப் பக்கம் அப்புறம் போலாம்.''

முதல் ராடு பட்டையில ஒட்டிக்கிச்சு. இழுத்தா வரலை. ஹோல்டரை ஆட்டினா ராடு செக்கச்செவேல்னு பழுக்குது. ரெண்டாவதும் ஒட்டிக்கிச்சு. பத்தாவது ராடுக்கு அப்புறம்தான் புரிஞ்சுது: தீக்குச்சி உரசுற மாதிரி உரசி, பொறி வந்ததும் லேசா தூக்கிடணும். தூக்குற உயரம் ராடோட தடிமன் அளவுதான். அதைவிடத் தூக்கினா அணைஞ்சிடும், இறக்கினா ஒட்டிக்கும். அந்தச் சின்ன இடைவெளியில சில ஆயிரம் டிகிரி சூடு. இரும்பு உருக 1500 டிகிரி சுமாருக்கு இருந்தாலே போதும். ராடு மேல பூசியிருக்கே ஒரு மாவு மாதிரி, அது சும்மா டிசைனுக்கு இல்லை. அது எரிஞ்சு புகையாகி, உருகின இரும்பைக் காத்து தொடாம காப்பாத்துது. அப்புறம் மேல கசடா உறையுது. ஆறினதும் சுத்தியால தட்டினா ஓடு மாதிரி உரிஞ்சு வரும்.

''கண்ணால பார்க்கிறதைவிட காதால கேளு''ன்னார் அண்ணன். சரியா போனா, எண்ணெயில வடை வேகுற சத்தம் வரும். நின்னு நிதானமா, ஒரே சீரா. பட்பட்னு வெடிச்சா தப்பு. ரெண்டு ஞாயிறு கழிச்சு எனக்கு அந்த வடை சத்தம் கேட்டுச்சு. அன்னிக்கு நான் அடைஞ்ச சந்தோஷம் இருக்கே, கேம்பஸ் இன்டர்வியூவுல பாஸானப்போகூட வரலை. உண்மையாத்தான்!

சந்தோஷத்துல ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். தயவுசெஞ்சு நீங்க பண்ணாதீங்க. முகமூடியைப் போட்டா எதுவும் தெரியலைன்னு, சின்னச் சின்னப் புள்ளி வைக்கிறப்போ மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு வச்சேன். பகல்ல ஒண்ணும் ஆகலை. ராத்திரி பன்னெண்டு மணிக்கு ரெண்டு கண்ணுலயும் மிளகாய்த்தூளும் மணலும் கலந்து கொட்டின மாதிரி... கத்தி வீட்டையே எழுப்பிட்டேன். அம்மா உருளைக்கிழங்கை வட்டமா வெட்டி வச்சாங்க. பக்கத்து வீட்டு ஆயா தாய்ப்பால் விடச் சொன்னாங்க! காலையில கண் டாக்டர் நல்லா டோஸ் விட்டார். வெல்டிங் வெளிச்சத்துல இருக்கிற புற ஊதாக் கதிர் கருவிழி மேல்தோலைச் சுட்டுடுது. அது பல மணி நேரம் கழிச்சுத்தான் தெரியும். நல்ல வேளையா ரெண்டு நாள்ல ஆறிடும், ஆனா கண்டதையும் கண்ணுல போடக்கூடாதுன்னார். பட்டறை அண்ணன் கேட்டுட்டு ஒரே வரிதான் சொன்னார்: ''தம்பி, மலை மேல ஏத்துற தீபத்தைத்தான் கண்ணால பார்க்கணும். இதை இல்லை.''

அடுத்த முட்டாள்தனம், தகடு. துருவே பிடிக்காதேன்னு புத்திசாலித்தனமா ஜி.ஐ. ஷீட் வாங்கிட்டு வந்தேன். அண்ணன் பார்த்ததும், ''எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டு சி.ஆர். ஷீட் வாங்கிட்டு வா''ன்னார். ஜி.ஐ. மேல இருக்கிற துத்தநாகம் எரிஞ்சு வெள்ளைப் புகையா வரும். அதை இழுத்தா ராத்திரி குளிர்ஜுரம் வந்து தூக்கிப் போடும். டீசல் டேங்க்ல ஓட்டை இருந்துச்சு, அதையும் ஒரு புள்ளி வச்சு அடைச்சிடலாமான்னு கேட்டேன். அவர் முகம் மாறிடுச்சு. ''காலி டேங்க்தான் ஆளைக் கொல்லும். உள்ளே நிக்கிற ஆவிக்கு ஒரு பொறி போதும்.'' அதோட அந்தப் பேச்சே எடுக்கலை. டேங்க் மாத்தியாச்சு.

வீட்டுல வேலையை ஆரம்பிக்க ஏழாயிரம் ரூபாய்க்குச் சின்னதா ஒரு இன்வெர்ட்டர் மெஷின் வாங்கினேன். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினா ஆர்க் முக்கி முனகும். எங்க கிணத்து மோட்டார் கொட்டாயில த்ரீ ஃபேஸ் சும்மாதானே இருக்கு, அதுல இருந்து ஒரு வயர் இழுத்துக்கட்டுமான்னு அப்பாகிட்ட கேட்டேன். ''அது பயிருக்குன்னு குடுத்த கரண்ட். உன் ஜீப்புக்கு இல்லை.'' முடிஞ்சுது. காலையில அஞ்சு மணிக்கு எழுந்து வேலை பார்த்தேன். (ஹாஸ்டல்ல எட்டு மணிக்கு எழுந்தவன் நான்!)

தரைத் தகடு ஒண்ணேகால் மில்லிமீட்டர்கூட இருக்காது. பட்டறையில பழகின வேகத்துல ராடை வச்சேன்... ஓட்டை! அதை அடைக்கப் போனேன், பெரிய ஓட்டை! அண்ணன் வந்து பார்த்து, ரெண்டு மில்லி ராடு குடுத்து, மெஷினை அம்பது ஆம்பியருக்கு இறக்கினார். நேரா கோடு இழுக்கக் கூடாது. டெய்லர் முதல்ல அங்கங்கே பின் குத்தி வைக்கிற மாதிரி, இந்த மூலையில ஒரு புள்ளி, அந்த மூலையில ஒரு புள்ளி. சூடு ஒரே இடத்துல சேர்ந்தா தகடு அப்பளமா நெளிஞ்சிடும். வச்சு, ஆற விட்டு, தள்ளிப் போய் வச்சு... ஒரு பேட்ச் முடிக்க மூணு நாள். ஆனா நின்னுச்சு! நான் ஏறிக் குதிச்சுப் பார்த்தேன். தங்கச்சியையும் கூப்பிட்டுக் குதிக்கச் சொன்னேன்.

இப்போதான் மெயின் மேட்டருக்கு வர்றேன்.

கார்த்திகை தீபம் நெருங்கிடுச்சு. அண்ணன் திருவண்ணாமலையில தடுப்புக் கம்பி அடிக்கிற வேலைக்குப் போயிட்டார். தீபம் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை எங்க அக்கா குழந்தைக்குக் குலதெய்வம் கோயில்ல மொட்டை. அப்பாவா வாயைத் திறந்து, ''நம்ம ஜீப்லேயே போயிடலாம்''னார். ஊர் பூரா சொல்லியும் வச்சுட்டார். என் காலு தரையில நிக்கலை!

பாக்கி இருந்தது ஒரே ஒரு வேலை. பின்பக்க ஸ்பிரிங்கைச் சேஸிஸோட பிடிச்சு நிறுத்துற பிராக்கெட். ஒரிஜினல் எப்பவோ போய், யாரோ வெல்டிங் வச்சிருந்தாங்க. அது விரிஞ்சிருந்தது. பழசை வெட்டிட்டு, லேத்துல புதுசு செஞ்சு வாங்கி, நானே படுத்துக்கிட்டு வச்சுட்டேன். கோடு என்னமா வந்துச்சு தெரியுமா... மீன் செதில் மாதிரி வரிவரியா! போட்டோ எடுத்து ஃப்ரெண்ட்ஸுக்கு எல்லாம் அனுப்பினேன். ஒரே லைக்ஸ்! மேல கறுப்பு பெயின்ட் வேற அடிச்சுட்டேன்.

தீபம் அன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு 2668 அடி உசரத்துல கொப்பரையில சுடர் எரிஞ்சதை மாடியில நின்னு குடும்பமா கும்பிட்டோம். அப்பா கும்பிட்டுட்டு, கீழே ஜீப்பை ஒரு பார்வை பார்த்தார். எனக்குக் கொஞ்சம் கண்ணு கலங்கிடுச்சு, விடுங்க.

சனிக்கிழமை ராத்திரி அண்ணன் வேலை முடிச்சுட்டு வர்ற வழியில வண்டியைப் பார்க்க வந்தார். டார்ச்சை வாங்கிக்கிட்டுக் கீழே படுத்தார். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. ''கோடு அழகா இருக்கு தம்பி. ரெண்டு கிலோ சுத்தி இருக்கா?''

குடுத்தேன். ஓங்கி ஒரு அடி. மறுபடி ஒரு அடி. டொங்குனு ஏதோ தரையில விழுந்துச்சு. பிராக்கெட்! என்னோட மீன் செதில் வரி அதோட சேர்ந்து முழுசா, ஒரு துண்டுகூட உடையாம, ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி உரிஞ்சு வந்திருந்தது. சேஸிஸ்ல அந்த இடம் வழவழன்னு இருந்துச்சு, பழைய துருவோட.

என்ன ஆச்சுன்னா, தரைத் தகட்டுல ஓட்டை விழுந்த பயத்துல, அதே ரெண்டு மில்லி ராடு, அதே அம்பது ஆம்பியர்லயே இதையும் வச்சிருக்கேன். சேஸிஸ் தடிச்ச இரும்பு. அவ்வளவு கொஞ்சூண்டு சூட்டை அது அப்படியே குடிச்சிடும். ராடு மட்டும் உருகி மேல உட்கார்ந்துக்கும், அடி இரும்பு உருகவே உருகாது. ரெண்டும் உருகிக் கலந்தாத்தான் வெல்டிங். மூணே கால் மில்லி ராடு போட்டு, நூறு, நூத்திப் பத்துக்கு மேல வச்சிருக்கணும். துருவை வெள்ளை இரும்பு தெரியுற அளவுக்குக் கிரைண்டிங் பண்ணியிருக்கணும். 'ஃப்யூஷன் குறைவு'ன்னு இதுக்கு ஒரு பேர் இருக்கு. செமஸ்டர்ல ரெண்டு மார்க் கேள்வியா வந்துச்சு, சரியா எழுதியிருந்தேன்!

''பாய்லர்ல நாங்க வச்ச ஜாயின்ட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பாங்க. மேல பார்த்து ஓகே சொல்ல மாட்டாங்க. இங்கே எக்ஸ்ரே ஏது, சுத்திதான்''னார் அண்ணன். திருச்சி பெல்லுக்குள்ள வெல்டிங் ஆராய்ச்சிக்குன்னே ஒரு நிலையம் 1975-ல இருந்து இருக்குன்னு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாலு வருஷம் இன்ஜினீயரிங் படிக்கிற எனக்கு!

அப்பா திண்ணையில நின்னு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருந்தார். அக்கா, மாமா, குழந்தை, அம்மா, தங்கச்சி, ஆயா, அப்பா... பின்சீட்டுல மட்டும் அஞ்சு பேர் உட்கார்ந்திருப்பாங்க. செஞ்சி ரோட்டுல எதிர்ல லாரி வர்ற நேரம், பின்பக்க அச்சு ஒரு பக்கமா நழுவியிருந்தா? நான் அந்த பிராக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டே நின்னேன். இன்னும் சூடா இருந்த மாதிரி ஒரு நெனப்பு.

அப்பா திட்டுவார்னு பார்த்தேன். ''பஸ் எத்தனை மணிக்கு?''ன்னு அம்மாகிட்ட கேட்டுட்டு உள்ளே போயிட்டார். ஊர் பூரா ஜீப்ல வர்றோம்னு சொல்லி வச்ச மனுஷன், மறுநாள் குழந்தையைத் தோள்ல தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்கு நின்னார். கேட்டவங்ககிட்ட எல்லாம், ''டீசல் லைன்ல ஏர் பிடிச்சுக்கிச்சு''ன்னு ஒரே பொய்யைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். என் பேரை எங்கேயும் இழுக்கலை. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

அடுத்த வாரம் சேஸிஸ்ல நான் வச்ச எல்லாத்தையும், ஒண்ணு விடாம, நானே கிரைண்டிங் பண்ணி எடுத்தேன். மொத்தம் ஆறு இடம். நாலு இடம் சுத்திக்கு விழுந்துச்சு, ரெண்டு நின்னுச்சு. நின்னதையும் எடுத்துட்டேன். அண்ணன் 7018 ராடை நல்லா சூடு பண்ணி, ஈரம் போக்கிட்டு (ஈரம் இருந்தா ஹைட்ரஜன் உள்ளே போய் ஜாயின்ட் விரியுமாம்) ஒவ்வொண்ணா வச்சார். நான் டார்ச் பிடிச்சேன், கசடு தட்டினேன், டீ வாங்கிட்டு வந்தேன். ''நானும் ஒண்ணு வைக்கட்டுமாண்ணே?''ன்னு கேக்க நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேக்கலை. வேலை முடிஞ்சதும் சுத்தியை என் கையில குடுத்து, ''அடிச்சுப் பாரு''ன்னார். அடிச்சேன். கைதான் வலிச்சுது.

வண்டி இப்போ ஓடுது. பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டியாச்சே, ஆர்.சி. புதுப்பிக்க இன்ஸ்பெக்ஷனுக்குப் போனோம், பாஸ். அக்கா குழந்தைக்குக் காது குத்துக்கு அதுலதான் போனோம். வெறும் கேட்டுன்னா இப்பல்லாம் பட்டறையில அண்ணன் என்னை விட்டுட்டு டீ குடிக்கப் போயிடறார். சேஸிஸ், ட்ரெய்லர் கொக்கின்னா இன்னும் டார்ச்தான்.

தரைத் தகடு மட்டும் முழுக்க என் வேலை. அண்ணன் கை வைக்கலை. மழைக்காலத்துல டிரைவர் சீட்டுக்குக் கீழே, எனக்கு முதன்முதல்ல ஓட்டை விழுந்துச்சே, அந்த மூலையில மட்டும் தண்ணி கசியுது. அடைச்சுத் தர்றேன்னு நாலு தடவை சொல்லிட்டேன். அப்பா கேக்கலை. ஒரு கோணியை மடிச்சுப் போட்டு அது மேல காலை வச்சுக்கிட்டு ஓட்டறார்.